கழற்ற முடியாத கல்யாணப் போர்வை

அந்தக் காலத்தில் ஆமைக்கு ஓடு கிடையாது, ஓட்டம் உண்டு. மனுஷரும் மிருகங்களும் ஒரே பேச்சைப் பேசி, ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒருவர் வீட்டு விசேஷத்தில் இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டு வாழ்ந்த காலம் அது. ஆமையின் முதுகு அவித்துத் தோலுரித்த சேப்பங்கிழங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும். ஆனால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பந்தயத்துக்குக் கூப்பிட்டால் முயல் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும்.

செம்மண் காட்டின் ஓரத்தில் ஆவுடையக்காள் என்று ஒருத்தி இருந்தாள். துணியும் ஊசியும் நூலும் கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு வேண்டாம். சோறும் பெரும்பாலும் இருக்காது. உலையை வைத்துவிட்டு, இந்தப் பச்சைக்குப் பக்கத்தில் அந்த ஊதாவைப் போட்டால் எப்படி இருக்கும் என்று துண்டுத் துணிகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிடுவாள். நிமிர்ந்து பார்க்கும்போது சோறு ஒன்று அடிப்பிடித்திருக்கும், இல்லையென்றால் குழைந்திருக்கும். குரங்குக் குட்டிக்குத் தூளி, அடைகாக்கும் கோழிக்கு மெத்தை, கொக்குக்குக் காலுறை எல்லாம் அவள் கையால்தான். கொக்குக்கு ஒற்றைக் காலுறை போதும். இன்னொரு காலை அது எங்கே தரையில் வைக்கிறது?

கையில் குறை சொல்ல முடியாது. குணத்தில் ஒன்று உண்டு: எதையும் சொன்ன நாளில் முடிக்க மாட்டாள். முக்கால்வாசி தைத்தபின் தள்ளி வைத்துப் பார்ப்பாள், தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், "ம்ஹூம்" என்பாள், அவ்வளவுதான், எல்லாத்தையும் பிரித்துவிடுவாள். கைவேலைக்காரர்களிடம் "எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அது அவர்களுக்கே தெரியாது, பாவம்.

ஒருநாள் ஆமை அவள் வீட்டுக்குள் புயல் மாதிரி புகுந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்செல்லாம் அப்போது கிளம்பியிருக்கவில்லை, அதனால் ஆவுடையக்காள் சிரித்த முகமாகவே வரவேற்றாள்.

"அக்கா, எனக்குக் கல்யாணம்!"

"ஏ, நல்ல சேதில்லா இது! பொண்ணு யாரு?"

"கள்ளிமேட்டு ஆமையோட மக. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கா. இந்த வெத்து முதுகோட வந்து மணவறையில உக்காரக் கூடாதாம். நல்லதா ஒரு போர்வை போத்திட்டு வரணுமாம். நீங்கதான் தச்சுத் தரணும்."

"முகூர்த்தம் என்னைக்கு?"

"ஆனி கடைசியில. இன்னும் எட்டு நாள் இருக்கு. அதை விட்டா ஆடி பொறந்துரும். ஆவணி வரைக்கும் அவங்க வீட்டுல காத்திருக்க மாட்டாங்க அக்கா. தெக்குக் காட்டு ஆமை ஒருத்தன் இப்பவே தாம்பாளத்தோட அந்த வாசலையே சுத்திட்டு இருக்கான்." சொல்லும்போதே ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் என்றால் அதற்கு உயிர்.

"எட்டு நாளா? ரெண்டு நாள் வேலை இது. எந்த நிறத்துல தைக்க?"

"எந்த நிறமானாலும் சரி, சீக்கிரம் தைங்க" என்று சொல்லி முடிக்குமுன் ஆமை தெருமுனைக்குப் போயிருந்தது.

ஆவுடையக்காள் கறுப்புத் துணியில் பதின்மூன்று ஒட்டு வெட்டினாள். நடுமுதுகுக்கு ஐந்து, பக்கத்துக்கு நாலு நாலு. சுற்றிலும் கரைக்குச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொரு ஒட்டுக்கும் அடியில் இலவம்பஞ்சு அடைத்து மேடு கட்டினாள். வேலை மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. அவள் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. கறுப்பாக மட்டும் இருந்தால் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்குமே என்று வெள்ளை நூலில் பூ போட்டாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். "ம்ஹூம்." பிரித்தாள். சிவப்பில் கொடி போட்டாள். அதையும் பிரித்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் மஞ்சள் நூலை எடுத்து, ஒரு ஒட்டின் நடுவிலிருந்து ஓரம்வரைக்கும் கதிர்கதிராக இழுத்தாள். கறுப்புத் துணிமேல் ஒரு நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது. ஆவுடையக்காளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒரு நட்சத்திரம்தான் முடிந்திருந்தது, பன்னிரண்டு பாக்கி.

விடிந்தது கல்யாண நாள். ஆமை வந்து பார்த்தபோது கடைசி நட்சத்திரத்துக்கு நூல் ஓடிக்கொண்டிருந்தது. மேல்துணியும் வயிற்றுத் துணியும் இன்னும் சேர்க்கப்படாமல் தனித்தனியாகக் கிடந்தன.

"அக்கா! உச்சிப் பொழுதுக்கு முகூர்த்தம்!"

"இந்தா ஆச்சு. அளவு பாக்க ஒரு தடவை போட்டுக் காட்டு. பொறவு கழட்டிக் குடு, ஓரம் தச்சு, நாடா வச்சுத் தாரேன்."

ஆமை மேல்துணியைப் போட்டுக்கொண்டது. தண்ணீர்க் குடத்தில் எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளைக் களை முகத்தில் வந்து ஏறிவிட்டது. "இனி கழட்டி மாட்ட எல்லாம் நேரம் கிடையாது. போட்டபடியே தச்சு விடுங்க."

"உடம்புல வச்சா? ஊசி குத்திரும்டா தம்பி. பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க."

"எட்டு நாளா நீங்க பதறாமத்தானே தச்சீங்க? இப்ப எனக்கு அந்தப் பொண்ணு கிடைக்காமப் போச்சுன்னா?"

ஆவுடையக்காள் நூல்கண்டை எடுத்தாள். தப்பு அவள் பேரில்தான், அது அவளுக்கே தெரியும். ஊசியில் இரட்டை நூல் கோத்தாள். ஆமையை மடியில் மல்லாத்தி, வயிற்றுத் துணியை ஒட்டவைத்து, மேலும் கீழும் சேர்த்து விறுவிறுவென்று ஓட்டினாள். தலைக்கு ஒரு வழி, வாலுக்கு ஒரு வழி, காலுக்கு நாலு வழி. கழற்றுவதற்கு ஒரு வழி வைக்க மட்டும் மறந்துபோனாள். அவசரத்தில் ஆமையும் அதைக் கேட்கவில்லை. தைக்கும்போது அடிக்கடி அதன் முகம் சுளித்தது.

"குத்துதா தம்பி?"

"இல்ல இல்ல, நீங்க தைங்க."

பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். ஆமை மறுபடி குடத்தில் பார்த்தது. "கொஞ்சம் தொளதொளன்னு தொங்குதே அக்கா. நல்ல துணின்னா விறைப்பா நிக்க வேண்டாமா?"

அன்று சோறு குழைந்த நாள். பானையில் கஞ்சி கெட்டியாக நின்றது. ஆவுடையக்காள் ஒரு சட்டி கஞ்சியை அப்படியே போர்வைமேல் கவிழ்த்தாள். பஞ்செல்லாம் அதைக் குடித்தது. "போய்ட்டு வாரேன் அக்கா!" என்று ஆமை பிய்த்துக்கொண்டு ஓடியது.

அரைக் கல் தூரம்வரைக்கும் பழைய வேகம்தான். அப்புறம் ஆனி வெயில் கஞ்சியின்மேல் விழுந்தது. முதலில் தோள் பக்கம் இறுகியது. பிறகு இடுப்பு. எட்டு வைத்த கால் அரை எட்டு வைத்தது. சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த முயல் தலையைத் தூக்கிப் பார்த்து, "என்ன மாப்ள, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று கேட்டது. அதன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஆமை கடைசிவரைக்கும் மறக்கவில்லை.

கள்ளிமேட்டில் பந்தல் நிறைந்திருந்தது. மந்திரம் சொல்ல வந்த கொக்கு ஒற்றைக்காலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெற்குக் காட்டு ஆமை தாம்பாளத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்து சேர்ந்தபோது பந்தலே எழுந்து எட்டிப் பார்த்தது. பதின்மூன்று நட்சத்திரமும் வெயிலில் மின்னின.

"போர்வை பிரமாதம்" என்றது பெண்ணின் அப்பா. "பாத்தாச்சு. இப்ப அதைக் கழட்டி வச்சிட்டு, நாங்க எடுத்த பட்டை உடுத்திட்டு மணவறையில ஏறுங்க."

கல்யாண வீட்டில் நியாயம் பேசி ஜெயித்தவர் யார்? மாப்பிள்ளை கழற்றப் பார்த்தது. வரவில்லை. தாய்மாமன் முன்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தது. சித்தப்பா பின்னாலிருந்து வாலைப் பிடித்தது. இழுத்த இழுப்பில் மாப்பிள்ளை தடாலென்று புரண்டு மல்லாந்து, நாலு காலையும் ஆகாயத்தில் ஆட்டிக்கொண்டு கிடந்தது. தெற்குக் காட்டு ஆமை விழுந்து விழுந்து சிரித்தது. அவமானம் தாங்காமல் மாப்பிள்ளை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

ஆவுடையக்காளுக்கு ஆள் போனது. அவள் கத்தரிக்கோலோடு தலைதெறிக்க ஓடிவந்தாள். கஞ்சி காய்ந்த ஓரத்தில் வைத்து அழுத்தினாள். கத்தரிக்கோல் இரண்டாக உடைந்தது. குனிந்து தையலைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. துணியோடு துணியாக, தோலையும் சேர்த்தே தைத்திருந்தாள்.

"அட பாவி, தோலெல்லாம் சேந்துல்லா இருக்கு! குத்தலைன்னு சொன்னியே?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "குத்துச்சு அக்கா. எல்லா இடத்துலயும்தான் குத்துச்சு. நேரமாச்சேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதாள். ஒரு போர்வைக்காக ஒருத்தன் வாழ்க்கையைத் தைத்துக் கெடுத்துவிட்டேனே என்று சத்தம்போட்டே அழுதாள். கொக்கு சூரியனைப் பார்த்து, "இன்னும் நாலு இமைப்பொழுதுதான்" என்றது. தெற்குக் காட்டு ஆமை எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டது. "மாமா, நான் தயாரா இருக்கேன். எனக்கு நல்லா ஓடவும் வரும்."

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தது. "ஓட வருமா? எங்க ஓடுவீரு? என்னை விட்டுட்டா?" என்று கேட்டது. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. "போட்ட துணியையே கழட்ட முடியாதவரு, கட்டுன என்னை எங்க கழட்டி விட்டுட்டுப் போகப் போறாரு? எனக்கு இவருதான். புரட்டிப் போடுங்க இவரை."

புரட்டிப் போட்டார்கள். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. தாலியை வாங்கிக்கொண்ட கையோடு பெண் ஆவுடையக்காளிடம் வந்தது. "அக்கா, அவரு மட்டும் இப்படி இருந்தா ஊரு சிரிக்கும். எனக்கும் இதே மாதிரி ஒண்ணு, போட்டபடியே தச்சு விடுங்க."

"மாட்டேன் தாயி! இனிமே உசுருள்ள உடம்புல வச்சு ஊசி எடுக்கவே மாட்டேன்."

"அப்ப நான் மட்டும் ஓடிட்டே இருக்கவா? அவரு பின்னால கெடக்கவா?"

ஆவுடையக்காள் வீட்டிலிருந்து துணியும் பஞ்சும் நூலும் கொண்டுவரச் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் பெண் பல்லைக் கடித்துக்கொண்டது, மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. பாதியில் பெண் மெதுவாகக் காதோடு காதாகச் சொன்னது, "இடுப்புல மட்டும் கொஞ்சம் தாராளமா விடுங்க. பொறவு பிரிச்சு விட முடியாதுல்லா." அதனால்தான் நட்சத்திர ஆமையில் இப்போதும் பெண் பெருத்து இருக்கும், ஆண் சிறுத்து இருக்கும். கடைசி முடிச்சைப் போட்டு, கல்யாணச் சோற்றுக் கஞ்சியையும் மேலே கவிழ்த்ததும் ஆவுடையக்காள் அந்த ஊசியை ஒடித்துக் கள்ளிக்குள் எறிந்துவிட்டு, வீடுவீடாகப் போய்த் தன் வாயாலேயே தன் தப்பைச் சொன்னாள்.

அன்று முதல்தான் ஆமைகள் கல்யாணத்துணி கலையாமல், ஒன்றுக்காக ஒன்று மெதுவாக நடக்கின்றன; அன்று முதல்தான் நம் வீடுகளில், பஸ்ஸே கிளம்பினாலும் சரி, பொத்தான் அறுந்த சட்டையைப் போட்டபடி தைக்கச் சொன்னால், "கழட்டிக் குடு, இல்லைன்னா அப்படியே போ" என்கிறார்கள்.