பெயிண்ட் படாத ஒரு சாண்

“இந்த ஒரு சாணை மட்டும் விட்டுட்டா, பாலம் என்ன ஆத்துலயா விழுந்துரும், குருவே?”

கேட்டவர் சுயம்பு. வயது அறுபத்து மூன்று. குரு தங்கபுஷ்பத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பழைய இரும்புப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற கூட்டத்துக்கு அவள் மேஸ்திரி. சுயம்பு அந்தக் கூட்டத்திலேயே மூத்த ஆள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இரும்பின் நோயைச் சொல்லிவிடுவாள் என்று கிண்டலாகத்தான் குரு என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

ரயிலெல்லாம் புதுப் பாலத்துக்குப் போயாச்சு. இதில் இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள்.

சுயம்புவின் மனைவி செல்லக்கனியும் நடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு இந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் மூச்சு வாங்க நின்றாள். திரும்பி வரவில்லை. மூன்று வருஷமாக அந்த ஒரு சாண் இடத்தில் சுயம்பு யாரையும் பிரஷ் வைக்க விடவில்லை. சண்டைக்கே போய்விடுவார். மனுஷனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்!

தங்கபுஷ்பம் அந்த இடத்தைத் தட்டினாள்.

டொக்.

துரு செதில் செதிலாகக் கொட்டியது.

“நாளைக்குச் சோதனைக்கு வாராங்க, அண்ணாச்சி. இப்படியே பாத்தா வெட்டித் தூரப் போட்டுருவாங்க. உள்ள இன்னும் இரும்பு இருக்கு. இன்னைக்கே தேச்சுப் பூசுனா பொழைச்சுக்கும்.”

“அவ கை பட்ட இடம்மா அது!” சுயம்பு கைப்பிடியை மறைத்து நின்றார். “அது மேல பூசிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?”

தங்கபுஷ்பம் சுத்தியலைக் கீழே வைத்தாள். பத்தடி தள்ளிக் கூட்டிப்போய், அவர் கையைக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் வைத்தாள்.

“தடவிப் பாருங்க. எப்பப் பூசினாலும் பிரஷ் இங்கன தட்டும். யாரோ ஈரப் பெயிண்டுல கை வச்சிருக்காங்க.”

தடவினார். நாலு விரல். சின்ன விரல்கள். சுண்டுவிரல் கொஞ்சம் கோணல்.

செல்லக்கனியின் சுண்டுவிரலும் அப்படித்தான்.

கல்யாணமான புதுசு, இதே பாலத்தில் வேலை. சோறு கொண்டுவந்தவள் ஈரப் பெயிண்டைப் பிடித்துவிட்டாள். “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று கத்தினார். அவள் பச்சைக் கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். அவர் கோபத்தில் கைப்பிடியில் பதிந்த தடத்தின் மேலேயே ஒரு பூச்சு பூசினார். அதோடு அழிந்தது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

“சுரண்டிப் பாக்கட்டுமா?”

“சுரண்டுனா போயிரும், அண்ணாச்சி.”

விரல்மேல் விரல் வைத்தபடி வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

பிறகு, துருப்பிடித்த அந்த ஒரு சாணுக்குத் திரும்பி நடந்தார்.

“பெயிண்ட் டப்பா எங்க, குருவே?”