காவலாளி ஓட்டிய கார்

மில் முதலாளி தெய்வசிகாமணி மகனுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்தார். ஒழுங்காக ஓட்டப் பழகுவதற்குள், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த செல்லக்கிளி மீது அவன் மோதிவிட்டான். அவள் அங்கேயே செத்துப்போனாள்.

முதலாளி காவலாளி மாயாண்டியைக் கூப்பிட்டார். "நீதான் ஓட்டினேன்னு சொல்லு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே ஐயா."

"அது போலீஸுக்குத் தெரியுமா? மாட்டேன்னா, நான் குடுத்த வீட்டை இன்னைக்கே காலி பண்ணு."

மாயாண்டி தலையாட்டினான். மோதிய இடத்தில் காரைச் சுற்றிச் செல்லக்கிளியின் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"எப்படிய்யா மோதினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓட்டியே காட்டறேங்க. அந்தம்மா நின்ன இடத்துல சின்னய்யா நிக்கட்டும். இந்தத் தடவை இடிக்காம நிறுத்திடறேன்."

சொன்னவன் காரில் ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது. முதலாளி பாய்ந்து வந்து கதவைப் பிடித்தார்.

"ஐயோ, இறக்குங்க அவனை! அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது!"

அழுகை நின்றது. இன்ஸ்பெக்டர் மெதுவாக முதலாளி மகன் பக்கம் திரும்பினார்.

பொழுது சாய்வதற்குள் மாயாண்டியின் சட்டிபானைகள் தெருவுக்கு வந்துவிட்டன. செல்லக்கிளியின் புருஷன் வந்து ஒரு பானையைத் தூக்கிக்கொண்டான்.

"வாங்கண்ணே, எங்க வீட்டுக்குப் போவோம்" என்றான். "இப்ப அங்க இடம் இருக்கு."