நாற்பதை இருபதாக்கியவள்

மகளிர் பாலிடெக்னிக்கில் சிவில் துறைத் தலைவி சிஸ்டர் கொர்னேலியா. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. அவரிடமே டிப்ளமோ படித்து, பிறகு பி.இ. முடித்து, அவருக்குக் கீழேயே விரிவுரையாளராகச் சேர்ந்த ஜெசிந்தாவுக்கு இது தெரியும். தெரிந்தும் போனாள். போக வேறு இடமில்லை.

எம்.இ. படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரும் கல்லூரி. ஒரு ராத்திரி ரயில் தூரம். ஃபீஸும் பெயருக்கு ஏற்றபடி. இன்னொன்று ஒரு பஸ் தூரம். செலவு குறைவு. பெயரை இரண்டு தடவை சொன்னால்தான் புரியும். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெசிந்தா ஒரு தாளை நீட்டினாள். பெரிய கல்லூரிக்குப் போட்ட கணக்கு. நடுவே கோடு. ஒரு பக்கம் ‘பேர்’, மறுபக்கம் ‘செலவு’.

சிஸ்டர் மெதுவாகப் படித்தார். செலவுப் பக்கத்தில் விரல் நின்றது.

“ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ்... இது யாரு, அமலி?”

“எம் பொண்ணு சிஸ்டர். பத்து மாசம். ஹாஸ்டல்ல கைக்குழந்தைய விட மாட்டாங்க. அங்க போனா இவள அம்மாகிட்ட விட்டுட்டுத்தான் போகணும்.”

“விட்டுட்டுப் போனா?”

“ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நின்னா, ஆன்ட்டின்னு கூப்பிடுவா.” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “அங்க போகலைன்னா, பேர் தெரியாத ஆளாவே இருந்துடுவேனோன்னு பயமா இருக்கு. எது சரி சிஸ்டர்?”

சிஸ்டர் மேசையிலிருந்த விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

“இதைத் திருத்து.”

“இப்பவா?”

“சம்பளம் அதுக்குத்தானே வாங்குற.”

மாடி வகுப்பறை ஒன்றைத் தாங்கும் பீமுக்கான கணக்கு. அறையில் நாற்பது பிள்ளைகள் என்று கேள்வியிலேயே இருந்தது. மாணவி ஒரு பீமை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தாங்கவில்லை. உடனே நாற்பதை அடித்துவிட்டு இருபது என்று எழுதியிருந்தாள். இப்போது தாங்கியது. கீழே ‘பாதுகாப்பானது’ என்று அடிக்கோடு வேறு.

“கெட்டிக்காரி,” என்றாள் ஜெசிந்தா. “பீம் தாங்கலைன்னு இருபது பிள்ளைங்கள வெளியே அனுப்பிட்டா.”

“என்ன செஞ்சிருக்கணும்?”

“பிள்ளைங்க நாற்பதுதான் சிஸ்டர். அதுல கை வைக்கக் கூடாது. பீமைத்தான் மாத்தணும்.”

சொன்னவளின் கண் மேசையில் கிடந்த தன் தாளுக்குப் போய், செலவுப் பக்கத்தில் ‘அமலி’யில் நின்றது. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

“அப்போ, பெரிய காலேஜ் வேண்டாம்ங்கிறீங்க.”

சிஸ்டர் விடைத்தாளை வாங்கிக் கட்டுக்குள் செருகினார்.

“நான் எங்கேம்மா அப்படிச் சொன்னேன்? பீமை எத்தனை விதமா மாத்தலாம்னு இதை எழுதினவ யோசிக்கவே இல்லை. நாற்பதை அடிக்கிறது சுலபமா இருந்துச்சு.”