ஓடுவது யாருக்கு?

புருஷன் வீரபாகு கல்யாண உறவைத் தீர்த்துவிடச் சொன்னதிலிருந்து இசக்கியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக மாவாட்டி வளர்த்த இட்லிக்கடை கைவிட்டுப் போகுமே!

சொத்தைப் பிரிக்கக் கூடிய ஊர்க்கூட்டத்தில் வீரபாகு மீசையை முறுக்கினான். "நிக்கிறதெல்லாம் எனக்கு. ஓடுறதெல்லாம் அவளுக்கு. ஆடு கோழியைப் பத்திக்கிட்டுப் போகட்டும்!"

இசக்கியம்மாள் முந்தானையைத் திருகியபடி எழுந்தாள். "சம்மதம், அண்ணாச்சி. இவரு பேச்சு மாறக்கூடாது" என்றாள் தலைவரிடம்.

வீரபாகு துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தான்.

"நம்ம கடை நொடிச்சுப் போச்சுன்னு ஊரெல்லாம் பேசுதே?" என்றாள் அவள்.

"எவன் சொன்னான்? என் கடை அமோகமா ஓடுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஓடுற கடை அவளுக்கு, நிக்கிற வீடு உனக்கு. சரிபாதிதான்" என்றார் தலைவர்.

அன்று மத்தியானமே இசக்கியம்மாள் கடைக்கு அரிசி ஊறப்போட்டாள்.