ஓணான் பேசி முடிக்கும்வரை

குளத்தங்கரைத் தொடக்கப் பள்ளியில் எருமை தலைமையாசிரியர். வாத்து, ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்தப் பங்குனியில் சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உச்சி வெயிலில் குட்டிகள் நிற்கக் கூடாது. இதை எல்லாப் பள்ளிகளும் விழா எடுத்துச் சொல்ல வேண்டும்.

எருமைக்குப் பிடித்தது விழா மட்டும்தான். விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும். சிறப்பு விருந்தினர் என்றால் வரவேற்க மைதானத்தில் குட்டிகள் வரிசையாக நிற்க வேண்டும். வெயிலைப் பற்றி அதிகம் அறிந்தவர் யார் என்று விசாரித்ததில், நாள் முழுக்க வேலியில் வெயில் காய்கிற ஓணான் தேர்வானது.

ஓணானுக்கு ஒரு சங்கடம். வெயில் நன்றாக ஏறினால்தான் அதற்குக் கைகால் அசையும். அதனால் ஒன்பது மணி விழாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது. அதுவரை குட்டிகள் மைதானத்தில் நின்றன. அங்கிருந்த ஒரே வேப்பமரத்தின் நிழலில் எருமை மேடை போட்டிருந்தது.

முதல் வரிசையில் குமிழி என்ற தவளைக் குட்டி நின்றது. உயரம் குறைந்தவர்கள் முன்னால் நிற்பது பள்ளி வழக்கம். உடம்பில் ஈரம் போனால் தவளைக்கு மூச்சும் போய்விடும். குமிழியின் முதுகு காய்ந்து சுருங்குவதைப் பார்த்த வாத்து, எருமையிடம் ஓடியது.

"சார், குமிழிக்கு முதுகு காய்ஞ்சு போச்சு. குளத்துல விட்டுட்டு வந்துடறேன்."

"பொன்னாடை போர்த்துற நேரத்துல வரிசை கலையலாமா டீச்சர்? விருந்தினர் என்ன நினைப்பார்?"

விருந்தினர் எதையும் நினைக்கிற நிலையில் இல்லை. வாழையிலைப் பொன்னாடைக்கு வெளியே தெரிந்த தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது. வெயில் மிகக் கொடியது என்றது. பத்து மணிக்கு மேல் நிழலில் இருக்க வேண்டும் என்றது. அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொன்னது. குட்டிகள் கைதட்டின. பன்றிக் குட்டி மட்டும் எந்த நிழல், எந்தத் தண்ணீர் என்று கேட்டு, அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியது.

அப்போது குமிழி மல்லாந்து விழுந்தது.

"யாரும் அசையக் கூடாது. இன்னும் நன்றியுரை இருக்கு" என்றது எருமை.

வாத்து அசைந்தது. குமிழியை அலகில் கவ்வியது. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால், பார்த்தவர்களில் சிலர் வேறு மாதிரி நினைத்தார்கள். வாய் நிறைய மாணவர் இருந்ததால் வாத்தால் விளக்கம் சொல்ல முடியவில்லை. நேராகக் குளத்துக்கு ஓடியது. அதன் வகுப்பு பின்னால் ஓடியது. அதைப் பார்த்து மற்ற வகுப்புகளும் ஓடின.

குமிழி வெகுநேரம் அசையவில்லை. வாத்து சிறகால் நீரை வாரி வாரி அதன்மேல் இறைத்தது. கடைசியில் ஒரு கண் திறந்தது.

"அவர் பேசி முடிச்சுட்டாரா டீச்சர்?"

"இல்லடா கண்ணு. நீ உள்ளயே இரு."

குட்டிகளைத் திருப்பி அழைத்துவரப் போன எருமை, கழுத்தளவு நீரில் நின்று அவற்றைக் கண்டித்தது. மாலைவரை வெளியே வராமல் கண்டித்துக்கொண்டே இருந்தது. ஓணான் காலி மைதானத்தைப் பார்த்து உரையை நிறைவு செய்தது. மாணவர்கள் அமைதியாகக் கேட்டதாகச் சிங்கத்துக்கு அறிக்கை போனது.

பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வெயிலின் கொடுமையை விளக்குவதைவிட, வாயை மூடிக்கொண்டு அவர்களை நிழலுக்குக் கூட்டிப் போவதே நல்ல பாடம்.