வருகிறவருக்கு ஒரு படி

சமையற்கட்டுப் பொறுப்பை ஏற்ற பதினோராவது மாதத்தில் வயிரவன் குப்பையிடம் தோற்றுப்போனார்.

மாணவர் விடுதி ஒன்றில் முப்பது ஆண்டுகள் சமையல் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஞானம் வேண்டும் என்று மலைக்கோயில் சாலையோரத்து மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்துத் தலைவி அங்கயற்கண்ணி அம்மை, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வந்தவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கரண்டியைக் கையில் கொடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பேரூராட்சியின் துப்புரவு ஆய்வாளர் வந்தார். கொல்லைக் குழியை எட்டிப் பார்த்தவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழியில் சோறு புளித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தொடக்கப்பள்ளி. பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்கள், எலி வேறு இங்கிருந்து அங்கே போகிறது என்றார். குப்பை வண்டியும் இனி இந்த ஈரச் சோற்றை எடுக்காதாம். ஒரு வாரத்துக்குள் குழி காயாவிட்டால் சமையற்கட்டுக்குச் சீல்.

“சாமி காரியம்தான், மறுக்கல. ஆனா நாத்தம் நாத்தம்தானே, பெரியவரே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிரவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருந்தவராக இருந்தால் திட்டை வாங்கிக்கொண்டு போகலாம். அவர் என்னதான் செய்யவில்லை?

கடைக்குத் துணிப்பை கொடுத்தனுப்பினார். எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குவதை நிறுத்தி, செக்குக்குத் தூக்குவாளியோடு தாமே நடந்தார். அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போயிற்று. கீரைத்தண்டு குழம்புக்குள் போயிற்று. பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் பொரியல் என்று மடத்தில் எந்தத் தோலும் தப்பவில்லை. பூக்கட்டும் மாணிக்கவேல் இலையில் உட்காரும்போதெல்லாம், “இன்னைக்கு எந்தத் தோல், அண்ணே?” என்று கேட்க ஆரம்பித்திருந்தான்.

ஏழு பேர் சாப்பிடும் மடத்தின் ஒரு நாள் குப்பை இப்போது இரண்டு சிரட்டைக்குள் அடங்கிவிடும். குழியை நிரப்புவது அது இல்லை. அந்த ஒரு படி.

மடத்தை நிறுவியவர் வைத்த ஏற்பாடு அது. மடத்தாருக்கு வடிப்பது போக, வருகிறவருக்கென்று ஒரு படி அரிசி தினமும் சேர்த்து வடிக்க வேண்டும். நூறு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. பாதயாத்திரைக் கூட்டம் இந்த வழியாகப் போனவரை பானையில் சோறு மிஞ்சவும் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் புறவழிச்சாலை போட்டார்கள். கூட்டம் அந்தப் பக்கமாகத் திரும்பிவிட்டது.

இந்தப் பதினோரு மாதத்தில் வந்தவர்களை வயிரவன் இரண்டு கை விரலில் எண்ணிவிடுவார். அவர்களும் உச்சி சாய்ந்த பிறகுதான் வருவார்கள். அந்த நேரத்தில் அவர் பக்கத்து அறையில் படுத்திருப்பார். “பானையில இருக்கு, போட்டுக்குங்க” என்று படுத்தபடியே குரல் கொடுப்பார். அவர்களும் போட்டுக்கொள்வார்கள். மிச்சம் அப்படியே இருக்கும்.

மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு தனி. பக்கத்துத் தெருவில் கொடுத்துப் பார்த்தார். ரேஷன் அரிசியே இருக்கிறது என்றார்கள். மாட்டுக்கு வைத்தார். மாடு வயிறு உப்பிப் படுத்தது. மாட்டுக்காரர் மடத்து வாசலில் நின்று கேட்ட கேள்விகள் இங்கே எழுதத் தக்கவை அல்ல. கடைசியாக வடகம் பிழிந்து மாடியில் காயவைத்தார். ஏழு டின் நிறைந்தது. எட்டாவது டின் கேட்டபோது, மடத்தில் நாம் இருப்பதா வடகம் இருப்பதா என்று மாணிக்கவேல் கேட்டுவிட்டான்.

ஆய்வாளர் போன மறுநாள், வயிரவன் அம்மையிடம் போனார். அம்மை முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வயிரவன் எல்லாவற்றையும் கொட்டினார். இந்த ஒரு படியை நிறுத்தினால் மடத்தை நிறுவிய பெரியவர் வாக்கு போய்விடும், நிறுத்தாவிட்டால் அடுப்பே போய்விடும், தன் காலத்திலா இது நடக்கவேண்டும் என்று முடித்தார்.

அம்மை ஒரு கொட்டையை எடுத்துத் தனியே போட்டார்.

“அந்த ஒரு படி யாருக்கு, ஐயா?”

“வர்றவங்களுக்கு.”

“சரி. தினமும் அளந்து வைங்க. உலையில போடாதீங்க.”

“யாராவது வந்துட்டா?”

“அப்பப் போடுங்க.”

இதற்கா ஒரு குரு வேண்டும் என்று வயிரவனுக்குத் தோன்றியது. எரிச்சலோடுதான் எழுந்து போனார். ஆனாலும் சொன்னபடி செய்தார். ஒரு படி அரிசியை அளந்து பித்தளைப் போணியில் கொட்டி அடுப்புமேடையில் வைத்தார். பொழுது சாய்ந்ததும் அதே அரிசியை மூட்டையில் திருப்பிக் கொட்டினார். புதன், வியாழன், வெள்ளி என்று போணியும் மூட்டையுமாக நாள் ஓடியது. யாரும் வரவில்லை. சனிக்கிழமை குழியில் மண்ணைத் தள்ளி மூடினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து எலிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகத் தகவல் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வாளர் வந்து மண்ணை ஷூவால் தட்டிப் பார்த்தார். கைக்குட்டையை வெளியே எடுக்கவே இல்லை. எப்படி என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் வயிரவன் காத்திருந்தார்.

“அளந்துதான் சார் வைக்கிறோம். ஆள் வந்தா உடனே உலையில போட்டுருவோம்.”

எல்லா வீட்டிலும் இப்படிச் செய்தால் தனக்கு வேலையே இருக்காது என்று ஆய்வாளர் சொன்னார். வயிரவன் அதை மாணிக்கவேலிடம் இரண்டு முறை சொன்னார்.

அன்று மதியம் நல்ல வெயில். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பைத் துடைத்து, வயிரவன் அப்போதுதான் தலையணையில் தலை வைத்தார். வாசலில் ஒரு பெண் குரல். பழைய துணிக்குப் பாத்திரம் விற்கும் அம்மாள், தலையில் கூடையோடு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“சாப்பாடு இருக்குமாய்யா? இங்க கிடைக்கும்னு சொன்னாங்க.”

“முடிஞ்சுபோச்சும்மா” என்றார் வயிரவன், படுத்தபடியே.

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் குடித்து, முகம் கழுவி, கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வயிரவன் புரண்டு படுத்தார். மறுபடியும் புரண்டார். எழுந்து சமையற்கட்டுக்குப் போனால், அங்கே அம்மை நின்றுகொண்டிருந்தார். மேடையில் போணி. போணியில் அளந்த அரிசி.

“யாரோ வந்த மாதிரி இருந்துச்சே.”

“வந்தாங்க. இப்பத்தான் எல்லாம் கழுவிக் கவுத்தேன். ஒருத்தருக்காக மறுபடி உலை வச்சு, வடிச்சு, திரும்பக் கழுவி... அரை மணி நேரம் ஆகும்மா. இதுக்குப் பழைய மாதிரியே இருந்திருக்கலாம். சோறு பானையில இருந்திருக்கும், போட்டுக்குங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“படுத்தபடியே” என்றார் அம்மை.

அம்மை போணியிலிருந்து ஓர் அரிசியை எடுத்துப் பார்த்தார். திரும்ப அதிலேயே போட்டார்.

“அப்ப இத்தனை நாளா அந்த ஒரு படி யாருக்கு வெந்துச்சு, ஐயா?”

தெருக்கோடியில் பழைய துணிக்குப் பாத்திரம் என்ற குரல் தேய்ந்துகொண்டிருந்தது. வயிரவன் உலைப் பாத்திரத்தை நிமிர்த்தினார். தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு தெருவில் இறங்கி வேகமாக நடந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.