ஆறு ஓட்டையும் ஒரே அளவு

எங்கள் நொச்சிக்கரையில் அவசரப்பட்டு ஒரு காரியத்தைக் கெடுத்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. நன்றாக யோசித்து, கூடிப் பேசி, அதற்குப் பிறகுதான் கெடுப்போம்.

அந்தச் சித்திரையில் அஞ்சலை அக்காவின் மூன்று ஏக்கர் தர்பூசணியும் பழுத்துக் கிடந்தது. பத்து நாளுக்குள் சென்னைச் சந்தைக்குப் போகாவிட்டால் வயலிலேயே வெடித்துவிடும். ஊருக்கு இருப்பதோ ஒரே லாரி. அதன் இன்ஜின் டீசலைவிட ஆயிலை அதிகம் குடித்து, போகிற வழியெல்லாம் கொசுப்புகை அடித்துக்கொண்டு போகும்.

ஆகவே லாரி ஓட்டும் பாவாடையும் அவன் தம்பி தாண்டவனும் அந்த இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு பெரிய இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். டவுன் மெக்கானிக் சுக்கூர் பாய் வந்து பிரித்துப் பார்த்தார்.

"பிஸ்டன் ஓடி ஓடி ஆறு ஓட்டையும் தேஞ்சிருக்கு. ஒவ்வொண்ணையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளங்க. எது பெரிசோ, அந்த அளவுக்கு மத்த அஞ்சையும் கடைஞ்சு விடுங்க. ஆறும் ஒரே அளவா இருக்கணும், மயிரிழை வித்தியாசம் கூடாது. அப்புறம் அந்த அளவுக்குப் புதுப் பிஸ்டன் வாங்கிப் போடுங்க" என்றார். கடைகிற மெஷினையும் ஒப்படைத்துவிட்டு மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனார். பாவம், வெளியூர்க்காரர். எங்களைப் பற்றித் தெரியாது.

முதலில் அளவு. எட்டுப் பேர் சேர்ந்து இன்ஜினைப் பள்ளிக்கூட மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் மேலே அளந்தார்கள். படிக்கட்டில் பாதி இறக்கி நடுவில் அளந்தார்கள். தரைக்குக் கொண்டுவந்து கீழே அளந்தார்கள். இதற்கே இரண்டு நாள் ஆயிற்று. மூன்று பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"மூணு இடத்துலயும் ஒரே அளவுதாண்ணே காட்டுது" என்றான் தாண்டவன்.

"இடத்துக்கு ஒண்ணு பேசாத இன்ஜின்டா. நம்பலாம்" என்றான் பாவாடை.

நாலாவது ஓட்டைதான் பெரியது. மற்ற ஐந்தையும் அந்த அளவுக்குக் கடைந்தார்கள். கடைசியாக ஆறாவதைக் கடையும்போது தாண்டவன் தும்மினான். மெஷின் ஒரு மயிரிழை கூடுதலாகத் தின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசினார்கள்.

"இப்ப எதுண்ணே பெரிசு?"

"ஆறாவது."

"பாய் என்ன சொன்னாரு?"

"எது பெரிசோ, அந்த அளவுக்கு மத்த அஞ்சையும்."

கடைந்தார்கள். அதில் இரண்டாவது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இரண்டாவதற்குச் சமமாகக் கடைந்ததில் ஐந்தாவது முந்திக்கொண்டது. இருவரும் முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து போனார்கள்.

எட்டாம் நாள் அஞ்சலை அக்கா வந்து நின்றாள். முகம் வாடியிருந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"தம்பி, பழம் தாங்காது போலருக்கு. பக்கத்து ஊர் லாரிய வாடகைக்குக் கூப்புடவா?"

"அந்த லாரிய நாங்க வாடகைக்குப் பேசி வச்சிட்டோம்க்கா. டவுனுக்குப் போயி பிஸ்டன் வாங்கியாரணும்" என்றான் பாவாடை.

"போற வண்டியில என் பழத்த ஏத்திக்கலாமே?"

"எப்படிக்கா? பிஸ்டன் வாங்குறதே உங்க பழத்த ஏத்தத்தான். பழம் முன்னாடியே போயிட்டா பிஸ்டன் எதுக்கு?"

அக்கா யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு போனாள். அவளும் எங்கள் ஊர்தானே.

ஒன்பதாம் நாள், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருந்த இரும்புச் சுவர் அப்பளமாகி, பிறகு காணாமலே போனது. ஆறும் சேர்ந்து நீளமாக ஒரே பள்ளம். பாவாடை அளந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டான்.

"மயிரிழை வித்தியாசம் இல்லடா தம்பி."

பள்ளத்தின் அகலத்தைக் கயிற்றில் எடுத்துக்கொண்டு, வாடகை லாரியில் டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் கயிற்றைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். "இந்த அளவுல பிஸ்டன் எங்கயும் கிடையாதுப்பா" என்றார். காலியாகப் போன லாரி காலியாகத் திரும்பியது.

பத்தாம் நாள் அஞ்சலை அக்கா ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். "பாருங்க தம்பி, நாளைக்கு இது வெடிச்சிரும்."

பாவாடை பழத்தின் குறுக்கே கயிற்றைப் பிடித்துப் பார்த்தான். பள்ளத்தின் ஒரு முனையில் இறக்கிப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அக்காவுக்கு அழுகை நின்றது.

"எத்தினி வேணும் தம்பி?"

"ஆறுக்கா. ஆறும் ஒரே அளவா இருக்கணும்."

ஊரே இறங்கி ஆறு பழத்தைப் பறித்து வந்தது. அளந்ததில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. அண்ணனும் தம்பியும் மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். பழத்தை எப்படிக் கடைந்தாலும் சிறிதாகுமே தவிரப் பெரிதாகாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊரிலும் மூளைக்குப் பஞ்சமில்லை.

இப்போது மற்ற ஐந்து பழத்தையும் கொண்டுபோய்ச் சணல் கயிற்றால் கொடியிலேயே திரும்பக் கட்டியிருக்கிறோம். அஞ்சலை அக்கா நாள் தவறாமல் தண்ணீர் பாய்ச்சுகிறாள். பெரிய பழத்தின் அளவுக்கு ஐந்தும் வளர்ந்ததும் லாரி கிளம்பும்.